ஆடியில் தொடங்கும் தீபாவளி

2024 அக்டோபர் 10, வியாழக்கிழமை. இரவு 8 மணிக்கு அத்தையின் கைப்பேசி ஒலிக்கத் தொடங்கியது. 9 மணிக்குள் 20 செய்திகள். கடையை அடைக்கும்போது 41. மறுநாள் காலையில் எண்ணிப் பார்த்தபோது 63. ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஒரே கேள்விதான்: "அக்கா, தீபாவளிக்கு பிளவுஸ் தைச்சுக் கொடுப்பீங்களா?"

அத்தை கிள்ளானில் ஜாலான் தெங்கு கிளானாவை ஒட்டிய ஒரு சந்தில், கடைவீட்டின் மேல்மாடியில் தையல் கடை நடத்துகிறார். இரண்டு தையல் இயந்திரங்கள், ஓர் ஓவர்லாக் இயந்திரம், உதவிக்கு ஓர் அக்கா. மாமா இறந்த பிறகு வீட்டு வாடகை, கடை வாடகை, என் அத்தை மகளின் படிப்புச் செலவு மூன்றும் அந்த மாடியிலிருந்துதான் வருகின்றன. ஆண்டு வருமானத்தில் பெரும்பகுதி தீபாவளிக்கு முந்திய இரண்டு மாதங்களில் கிடைப்பது.

அந்த ஆண்டு தீபாவளி அக்டோபர் 31. மலேசிய தினமான செப்டம்பர் 16-ஆம் தேதியே "தீபாவளி ஆர்டர் முடிந்தது" என்று ஓர் அட்டையில் எழுதி, மாடிப்படிக் கைப்பிடியில் தொங்கவிட்டிருந்தார் அத்தை. படியேற வந்தவர்கள் அதைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். கைப்பேசியில் பார்த்தவர்களுக்கு அந்த அட்டை எங்கே தெரியும்? அவர்கள் பார்த்தது என் காணொளியை. "தீபாவளிக்கு இன்னும் 21 நாட்கள்! உங்கள் ரவிக்கை தயாரா? இன்றே தொடர்புகொள்ளுங்கள்!"

அதை ஆகஸ்டு மாதத் தொடக்கத்திலேயே தயாரித்து, அக்டோபர் 10 இரவு 8 மணிக்கு வெளியாகும்படி நேரம் குறித்து வைத்திருந்தேன். வைத்ததையே மறந்துவிட்டேன். அது வெளியான நேரத்தில் நான் நண்பர்களோடு பூப்பந்து விளையாடிக்கொண்டிருந்தேன்.

அத்தை திட்டவில்லை. 63 பேருக்கும் பதில் சொல்லியாக வேண்டும் என்று உட்கார்ந்தார். எழுத்துக் கூட்டி அனுப்புவது அவருக்குச் சிரமம், குரல் பதிவுதான். "இல்லம்மா, இந்த வருஷம் முடிஞ்சுபோச்சு, மன்னிச்சுக்கம்மா" என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக. நள்ளிரவு தாண்டியது. அந்த நேரத்தில் நான்கு ரவிக்கைகளாவது தைத்து முடித்திருப்பார். முடியாது என்று சொல்ல வாய் வராத பழைய வாடிக்கையாளர்கள் 14 பேர். அவர்களுடையதை ஏற்றுக்கொண்டார். அதன் பிறகு ஒரு வாரம் இரவு 2 மணி வரை மேல்மாடியில் விளக்கு எரிந்தது.

"தம்பி, நீ கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துட்டுப் போயிட்டே. மணி அடிக்கிறப்போ இங்க இருக்கிறது நான்தானே லா" என்றார், தீபாவளிக்கு முதல் நாள் இரவு 11 மணிக்கு யாருடைய ரவிக்கைக்கோ கொக்கி தைத்துக்கொண்டே. அவருடைய சொந்தத் தீபாவளிச் சேலையின் ரவிக்கைத் துணி வெட்டப்படாமல் அலமாரியிலேயே கிடந்தது.

முப்பது கட்டங்கள்

நான் கல்லூரியில் வணிகம் படிக்கிறேன். டிஜிட்டல் விற்பனைப் பாடத்தில் பதிவு அட்டவணை போடச் சொல்லித் தந்தார்கள். மாதத்துக்கு முப்பது கட்டங்கள். எந்தக் கட்டமும் காலியாக இருக்கக் கூடாது. தொடர்ந்து பதிவிட்டால்தான் மக்கள் மறக்கமாட்டார்கள் என்பது பாடம். அது தவறான பாடம் என்று சொல்லமாட்டேன். வீட்டுப்பாடத்துக்கு அது போதும். எனக்கு அந்தப் பயிற்சிக்கு முழு மதிப்பெண்ணும் கிடைத்தது.

ஆனால் கட்டங்களை நான் எதைக்கொண்டு நிரப்பினேன் என்பதை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. திங்கட்கிழமை ஊக்கமொழி. நண்பர்கள் தின வாழ்த்து. உலகக் காப்பி தினம். தையல் கடைக்கும் காப்பி தினத்துக்கும் என்ன தொடர்பு என்று அத்தை ஒருமுறை கேட்டார். என்னிடம் பதில் இல்லை. துணிக்குவியலில் அண்டைக் கடைப் பூனை தூங்கும் காணொளிக்குத்தான் அந்த ஆண்டிலேயே மிக அதிகமான விருப்பக்குறிகள் விழுந்தன. அதைப் பார்த்துவிட்டு ரவிக்கை தைக்க வந்தவர் ஒருவரும் இல்லை. பூனையை விசாரித்து இருவர் வந்தார்கள்.

நேரம் குறித்து வைக்கும் வசதி இன்று எளிது. முகநூலுக்கும் இன்ஸ்டகிராமுக்கும் சேர்த்து மெட்டா பிசினஸ் சூட்டில் இலவசமாகவே செய்யலாம். இன்ஸ்டகிராம் செயலியில், தொழில்முறைக் கணக்கு வைத்திருந்தால், 75 நாள் முன்பே ஒரு பதிவை வரிசையில் நிறுத்திவிடலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் உட்கார்ந்தால் இரண்டு மாத வேலை முடிந்துவிடும். என் தொல்லையும் அங்கேதான் தொடங்கியது. இரண்டு மாத வேலையை நான் முடித்துவிட்டேன். அத்தையின் இரண்டு மாதங்களோ அப்போதுதான் தொடங்கின.

555 புத்தகம்

தீபாவளி கழிந்து இரண்டாவது வாரம். கடையில் கூட்டமில்லை. இறுக்கமாகிவிட்டது, தளர்ந்துவிட்டது என்று திருத்தத்துக்கு வரும் ரவிக்கைகள் மட்டும். "என்னதான் தப்பு நடந்துச்சுன்னு பார்க்கலாமா அத்தை?" என்று கேட்டேன். அவர் மேசை இழுப்பறையைத் திறந்து ரப்பர் வளையம் போட்ட ஒரு கட்டை எடுத்துப் போட்டார். மளிகைக் கடைகளில் கடன் எழுத வைத்திருப்பார்களே, அதே சிறிய 555 புத்தகங்கள். மூன்று ஆண்டுகளின் ஆர்டர்கள், ஏறத்தாழ முப்பது புத்தகங்களில் இருந்தன. பெயர், ஆர்டர் வந்த தேதி, கொடுக்க வேண்டிய தேதி, அளவு ரவிக்கை கொடுத்தார்களா, முன்பணம் எவ்வளவு. எல்லாம் பென்சிலில்.

மூன்று இரவுகள் உட்கார்ந்து கணினியில் ஏற்றினேன். ஒவ்வொரு வரிக்கும் இரண்டு தேதிகள் இருந்தன அல்லவா? வந்த தேதி, கொடுத்த தேதி. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததும் எனக்குப் பளிச்சென்று பட்டது: நான் அட்டவணை போட்டது பண்டிகைத் தேதியை வைத்து. மக்கள் சேலையைக் கையில் எடுத்துக்கொண்டு மாடியேறுவது வேறொரு தேதியில். இரண்டுக்கும் நடுவில் குறைந்தது எட்டு வாரங்கள். என் தீபாவளிப் பதிவுகளில் பாதிக்கும் மேல், ஆர்டர் எடுப்பதை நிறுத்திய பிறகு வெளியானவை.

"ஆடியில வேலையே இருக்காதே, அப்ப விளம்பரத்தைக் கூட்டலாமா?" என்று கேட்டேன். நம்மவர்கள் ஆடியில் திருமணம் வைப்பதில்லை, அதனால் கடை காலியாக இருக்கும் என்பது என் கணக்கு.

அத்தை என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "ஆடியில கல்யாணம் இல்லடா. ஆவணியில வரிசையா இருக்கு. ஆவணிக் கல்யாணத்துக்குத் தைக்கிறது எப்ப? ஆடியிலதான்."

அந்த ஒரு வாக்கியம் எனக்கு ஒரு பருவப் பாடத்துக்குச் சமம். ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்டு நடுவரை வரும் ஆடியில் வாடிக்கையாளருக்கு ஓய்வு. ஊசிக்கு ஓய்வில்லை. ஆரி வேலைப்பாடு செய்த மணப்பெண் ரவிக்கை ஒன்றுக்கு மூன்று முதல் ஐந்து நாள் பிடிக்கும். ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு அது தயாராக வேண்டுமானால், பெண் வீட்டார் வைகாசியிலோ ஆனித் தொடக்கத்திலோ வந்திருக்க வேண்டும். ஆகவே மணப்பெண் ரவிக்கை பற்றிய பதிவு மே மாதத்துக்கு உரியது. புரட்டாசியிலும் மார்கழியிலும் திருமணம் இராது. ஆனால் புரட்டாசி என்பது தீபாவளித் தையலின் உச்சம். மார்கழியோ பொங்கலுக்கும் தைப்பூசத்துக்கும் தைக்கும் மாதம், மஞ்சள் துணி மலையாகக் குவியும். தைப்பூசத்துக்கான பதிவைத் தையில் போட்டால், போட்ட திருப்தி நமக்கு, அவ்வளவுதான்.

இன்னொன்றும் அந்த 555 புத்தகங்கள் சொல்லிக்கொடுத்தன. சென்ற ஆண்டு அட்டவணையை அப்படியே நகலெடுக்க முடியாது. பொங்கல் ஏறக்குறைய ஒரே தேதியில் வரும். தீபாவளி அப்படியல்ல. 2024-இல் அக்டோபர் 31, 2025-இல் அக்டோபர் 20, இவ்வாண்டு நவம்பர் 8. 2024-இன் அட்டவணையை 2025-க்குப் பயன்படுத்தியிருந்தால் 11 நாள் பிந்தியிருப்போம். ஒரு தையல்காரருக்கு 11 நாள் என்பது அறுபது ரவிக்கை. நோன்புப் பெருநாளும் நகரும். 2024-இல் ஏப்ரல் 10, 2025-இல் மார்ச் 31. பக்கத்துப் பள்ளி ஆசிரியைகள் சிலர் பாஜு குரோங் தைக்கக் கொடுப்பதால் அதையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

பின்னாலிருந்து எண்ணுவது

2025 தீபாவளிக்கு அட்டவணையை மறுபடி போட்டோம். இந்த முறை நான் கணினியோடு தொடங்கவில்லை. அத்தையிடம் ஒரு கேள்வி கேட்டேன்: "ஒரு நாளைக்கு எத்தனை தைக்க முடியும்?"

லைனிங் வைத்த சாதாரண ரவிக்கை என்றால், வெட்டுவது முதல் கொக்கி வரை இரண்டரை மணி நேரம். உதவிக்கு இருக்கும் அக்காவையும் சேர்த்தால் நாளொன்றுக்கு ஆறு. வாரத்தில் ஆறு நாள், 36. தீபாவளிக்கு முந்திய ஒரு வாரம் போட்டுப் பார்ப்பதற்கும் திருத்தத்துக்கும் வேண்டும், ஆகவே அக்டோபர் 12-க்குள் தையல் முடிந்தாக வேண்டும். செப்டம்பர் 1 முதல் அதுவரை ஆறு வாரம். 216 என்று எழுதினேன்.

"இருநூறுன்னு போடு" என்றார் அத்தை. "மெஷின் சண்டித்தனம் பண்ணும். கரண்டு போகும். எனக்கு ஒரு நாள் காய்ச்சல் வராதா?"

இருநூறு. ஆர்டர் எடுக்கும் கடைசி நாள் ஆகஸ்டு 30. அப்படியென்றால் முதல் தீபாவளிப் பதிவு ஆடி முதல் நாள், ஜூலை 17. தீபாவளிக்கு 95 நாள் இருக்கும்போது! "என்ன அதுக்குள்ள தீபாவளியா?" என்று பதிவின் கீழே பலர் சிரித்தார்கள். சிரித்தவர்களில் சிலர் அந்த வாரமே சேலையோடு வந்தார்கள்.

என்ன பதிவிட்டோம் என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் அதிகம் தடுமாறிய இடம் இது. வாடிக்கையாளர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை ஒரு மாதம் குறித்து வைத்தோம். ரவிக்கைக்கு எவ்வளவு துணி வேண்டும்? சேலையோடு வரும் துணி போதுமா? அளவு ரவிக்கை பழையதாக இருந்தால் பரவாயில்லையா? லைனிங் துணியை ஏன் முதலில் நனைக்கிறீர்கள்? ஒவ்வொரு கேள்வியும் ஒரு பதிவானது. பருத்தி லைனிங்கை நனைத்துக் காயவைக்காமல் தைத்தால், முதல் சலவையிலேயே அது சுருங்கி மேல்துணியை இழுக்கும். அத்தை வாளியில் துணியை முக்கிக்கொண்டே இதைச் சொல்லும் அரை நிமிடக் காணொளிக்கு விழுந்த விருப்பக்குறிகள் பூனைக்கு விழுந்ததில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் கடைக்கு வருகிறவர்களிடம் "எதைப் பார்த்து வந்தீங்க?" என்று அத்தை கேட்டு 555 புத்தகத்தில் எழுதிக்கொண்டார். வாளிக் காணொளி 19 பேரைக் கொண்டுவந்திருந்தது. "விவரம் தெரிஞ்ச டெய்லர்னு தோணுச்சு" என்றாராம் ஒருவர்.

படம் பிடிக்க இரண்டு வாரத்துக்கு ஒரு செவ்வாய்க்கிழமை காலை. முடிந்த ரவிக்கைகளைக் கீழே கொண்டுபோய், அஞ்சடியில் இயற்கை வெளிச்சத்தில் தொங்கவிட்டு, பின்கழுத்து வடிவங்களை எடுத்துவிடுவேன். ஒரு மணி நேரத்தில் பத்துப் பன்னிரண்டு படங்கள். பானைக் கழுத்துக்கும் படகுக் கழுத்துக்கும் வேறுபாடு தெரியாத பையனாகத் தொடங்கி, இப்போது கோயிலில்கூட என் கண் ரவிக்கைத் தையலுக்குத்தான் போகிறது. அம்மா அதட்டிய பிறகு குறைத்துக்கொண்டேன். டிக்டாக்கில் வணிகக் கணக்கு என்றால் நாம் விரும்பும் சினிமாப் பாடலையெல்லாம் சேர்க்க முடியாது, வணிகப் பயன்பாட்டுக்கு அனுமதித்த இசைத் தொகுப்பிலிருந்துதான் எடுக்க வேண்டும். அதில் மனத்துக்குப் பிடித்தது எதுவும் கிடைக்காமல் தையல் இயந்திரத்தின் ஓசையையே விட்டுவிட்டோம். அது நன்றாகவே இருந்தது.

நேரம் குறிக்கும் விஷயத்தில் இப்போது எங்களுக்கு ஒரே ஒரு கட்டுப்பாடு. கடையில் என்ன நடந்தாலும் பொய்யாகாத பதிவை மட்டுமே முன்கூட்டியே வரிசையில் நிறுத்துவோம். துணி அளவு, லைனிங், கழுத்து வடிவங்கள், அளவெடுக்கும் முறை எல்லாம் அப்படிப்பட்டவை. "இன்னும் இத்தனை இடம் இருக்கிறது" என்பதை ஒருபோதும் முன்பே குறிப்பதில்லை. அதை அன்றன்று மாலை, அத்தையிடம் கேட்டு, 24 மணி நேரத்தில் தானே மறைந்துவிடும் ஸ்டோரியில் கையால் எழுதுவேன். "இன்னும் 34." "இன்னும் 21." மறுநாள் பொய்யாகப்போகும் செய்தி மறுநாள் இருக்கக் கூடாது. வாழ்த்துப் பதிவுகளும் அப்படியே. 2021 டிசம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கில் வெள்ளம் வந்தபோது நான் இடைநிலைப்பள்ளியில் இருந்தேன். கூரைமேல் உதவிக்குக் காத்திருந்தவர்களின் படங்களுக்கு நடுவே ஆண்டிறுதி மலிவு விற்பனைப் பதிவுகள் சிரித்துக்கொண்டு வந்தது இன்னும் நினைவிருக்கிறது. அவர்கள் கல்நெஞ்சக்காரர்களாக இருந்திருக்க மாட்டார்கள் என்று இப்போது தோன்றுகிறது. என்னைப்போல் யாரோ ஒருவன் முன்பே நேரம் குறித்து வைத்துவிட்டு மறந்திருப்பான்.

அட்டவணையை அச்சிட்டுத் தையல் இயந்திரத்துக்கு எதிர்ச் சுவரில் ஒட்டினேன். கணினியில் இருந்தவரை அது என் அட்டவணை. சுவருக்கு வந்த பிறகுதான் கடையின் அட்டவணை ஆனது. அதன் பயன் ஜூலையிலேயே தெரிந்தது. ஆகஸ்டு 20-ஆம் தேதிக்கு ஒரு மணப்பெண்ணின் ஆரி ரவிக்கைப் படத்தைக் குறித்திருந்தேன். சிவப்புப் பட்டில் மயில், நாங்கள் எடுத்ததிலேயே அழகான படம். அத்தை நூல் கோத்துக்கொண்டே சுவரைப் பார்த்தவர் எழுந்து வந்து அந்தக் கட்டத்தில் பெரிதாகப் பெருக்கல் குறி போட்டார். "அந்தப் பொண்ணுக்குக் கல்யாணம் 31-ஆம் தேதிடா. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க போன்ல பார்க்கவா அது அஞ்சு நாள் ராத்திரி முழிச்சுத் தைச்சது?"

அன்றே அட்டவணையில் இரண்டு பத்திகளைச் சேர்த்தோம். ஒன்று, உரியவர் அனுமதி தந்தாரா. மற்றொன்று, எந்தத் தேதிக்குப் பிறகு வெளியிடலாம். நம் நாட்டில் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010-இலேயே வந்துவிட்டது என்று கல்லூரியில் படித்திருக்கிறேன். தேர்வில் எழுதியும் இருக்கிறேன். அந்தச் சட்டத்தையும் மயில் ரவிக்கையையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. அத்தைக்குச் சட்டம் தெரியாது, அந்தப் பெண்ணைத் தெரியும்.

இருநூறாவது ஆர்டர் ஆகஸ்டு 23, சனிக்கிழமை மதியம் வந்தது. குறித்த நாளுக்கு ஒரு வாரம் முன்பாகவே. அடுத்த பத்து நிமிடத்தில் வரிசையில் நின்ற மூன்று தீபாவளிப் பதிவுகளை நீக்கினேன். அத்தை வழக்கம்போல் அட்டையில் எழுதித் தொங்கவிட்டார். இந்த முறை அந்த அட்டையையே படமெடுத்து எல்லாத் தளங்களிலும் போட்டேன். வாட்ஸ்அப் பிசினஸில் தானாகப் பதில் போகும் வசதி இருக்கிறது. அதில், தீபாவளி ஆர்டர் முடிந்தது, பொங்கல், தைப்பூச ஆர்டர் நவம்பரில் தொடங்கும், பெயர் தந்தால் முதலில் அழைக்கிறோம் என்று எழுதிவைத்தோம். 31 பேர் பெயர் கொடுத்தார்கள். குரல் பதிவில் மன்னிப்புக் கேட்கும் வேலை இல்லை.

வருமானம் கூடியதா என்றால், சிறிதளவுதான். கடைசி நேரத்தில் கூடுதல் பணம் கொடுத்துத் தைப்பவர்களின் காசு போயிற்று. அத்தை அதற்காக வருந்தியதாகத் தெரியவில்லை. தீபாவளிக்கு முதல் நாள் இரவு 10 மணிக்கெல்லாம் வீட்டில் இருந்தார், அம்மாவோடு சேர்ந்து முறுக்குப் பிழிந்தார். தன் ரவிக்கையை இந்த முறையும் தைத்துக்கொள்ளவில்லை. நேரமில்லையா என்று கேட்டேன். "சோம்பல்டா" என்றார்.

சுவரில் இல்லாத பெயர்

எல்லாம் சரியாக நடந்தது என்று நான் மார்தட்டிக்கொண்டிருந்த செப்டம்பர் நடுப்பகுதியில், ஒரு மாலை, மாடிப்படியில் யாரோ மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. காப்பாரிலிருந்து ஒரு பாட்டி. எழுபத்தைந்து வயதிருக்கும். பேருந்து மாறி வந்திருக்கிறார். கையில் ஒரு நெகிழிப் பை, அதில் ஒரு கைத்தறிச் சேலை. பதினைந்து ஆண்டுகளாக, ஒவ்வொரு புரட்டாசியிலும், ஒரே ஒரு ரவிக்கை.

படிக் கைப்பிடியில் தொங்கிய அட்டையைப் பார்த்திருக்கிறார். "இவ்வளவு சீக்கிரம் முடிஞ்சிருச்சா தங்கச்சி? போன வருஷம் இந்த நேரத்துக்குத்தானே வந்தேன்" என்றார். கோபம் இல்லை, குழப்பம்தான். பிறகு சுவரில் ஒட்டியிருந்த அட்டவணையைப் பார்த்துவிட்டு, "கடை பெரிசாயிருச்சு போல" என்றார். அதுதான் என்னைத் தைத்தது.

எங்கள் எந்தப் பதிவும் அவரை எட்டியிருக்க வாய்ப்பில்லை. அவரிடம் இருப்பது பொத்தான் வைத்த பழைய கைப்பேசி. வாட்ஸ்அப் வழியாக மொத்தமாக அனுப்பிய செய்தியும் போயிருக்காது. ஒரு பட்டியலில் 256 பேர் வரைதான், அதிலும் நம் எண்ணைத் தங்கள் கைப்பேசியில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே அது போய்ச் சேரும். ஆர்டர் எடுப்பதை முன்னுக்குத் தள்ளியது நாங்கள். அதை ஊருக்கெல்லாம் சொன்னோம், பதினைந்து ஆண்டாக வருகிறவருக்குச் சொல்லவில்லை. முந்திய ஆண்டு என் தவறால் வேலை கூடியது. இந்த ஆண்டு ஒருவர் வெளியே நிற்கப் பார்த்தார்.

அத்தை சேலையை வாங்கிப் பிரித்துப் பார்த்து, நாற்காலியை இழுத்துப் போட்டு, "உட்காருங்கம்மா, தண்ணி குடிங்க. மேலே பதினாறு இடம் நான் எப்பவும் வெச்சிருப்பேன்" என்றார். 216-க்குப் பதில் இருநூறு என்று அவர் எழுதச் சொன்னதன் இன்னொரு காரணம் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

அன்றிரவு 555 புத்தகங்களை மறுபடி எடுத்தோம். வாட்ஸ்அப் எண் இல்லாத வாடிக்கையாளர்கள் 23 பேர். சிலருக்கு வீட்டுத் தொலைபேசி, சிலருக்கு மகள் எண், இருவருக்கு "கோயில்ல சொன்னா தெரியும்" என்று மட்டும் எழுதியிருந்தது.

இவ்வாண்டு தீபாவளி நவம்பர் 8. நவம்பர் 1-க்குள் தையல் முடிய வேண்டும், செப்டம்பர் 19 கடைசி ஆர்டர், ஆகஸ்டு முதல் வாரத்தில் முதல் பதிவு. புதிய அட்டவணை சுவருக்கு வந்துவிட்டது. அதில் ஆகஸ்டுக்கும் முன்னால், ஜூலைக் கடைசியில், இந்த ஆண்டு ஒரு கட்டம் கூடியிருக்கிறது. 23 பேரையும் தொலைபேசியில் அழைக்க வேண்டும். பேசப்போவது நான்தான். யாரிடம் மூட்டுவலியை விசாரிக்க வேண்டும், யாரிடம் பேரன் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும் என்று அத்தை ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் பென்சிலில் எழுதிக்கொடுத்திருக்கிறார். காப்பார் பாட்டிக்கு எதிரே "சத்தமாப் பேசு" என்று இருக்கிறது.